பாலிஎத்திலீனோடு பாலிஎத்திலீன் கலக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு, பிறையில் பிளாஸ்டிக் படலம் ஊதும் ஆலை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். கலவை விகிதம் போடுவதும், படலம் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று தேடுவதும் என் பொறுப்பு. மெஷின் ஓட்டும் அண்ணன்மார், பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள், மறுசுழற்சிக் குருணை (உருக்கப் போடும் பிளாஸ்டிக் மணிகள்) விற்க வருபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப் பள்ளித் தேர்வு) வேதியியல் படித்திருந்தால் போதும், புரிந்துவிடும்.

இரண்டும் பாலிஎத்திலீன்தானே? கலக்காமல் எப்படிப் போகும்?

இதை என்னிடம் முதலில் கேட்டவர் இரவு ஷிஃப்டில் மெஷின் ஓட்டிய ஓர் அண்ணன். "தம்பி, ரெண்டு மூட்டையிலயும் பி.இ.ன்னுதான் போட்டிருக்கு, அப்புறம் ஏன் இதுங்க ஒண்ணா சேர மாட்டேங்குது?" என்றார். அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

பெயர் ஒன்று, அணுக்களும் ஒன்றுதான்: கார்பன், ஹைட்ரஜன், வேறொன்றும் இல்லை. ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்ற கணக்குகூட ஏறக்குறைய மாறாது. மாறுவது, அந்த அணுக்கள் கோத்து நிற்கும் நீண்ட சங்கிலியின் உருவம். வீட்டில் இருக்கும் ஈர்க்குமாற்றை நினைத்துப் பாருங்கள். தென்னை ஈர்க்கு வழவழவென்று நேராக இருப்பதால் நூறு ஈர்க்கை ஒரு கைப்பிடிக்குள் இறுக்கிக் கட்டிவிடலாம். அதே நூறு கறிவேப்பிலைக் கொத்தை அப்படிக் கட்ட முடியுமா? காம்பும் இலையும் இடித்துக்கொண்டு நிற்கும், கட்டு பெருத்துவிடும். கிளை இல்லாத பாலிஎத்திலீன் ஈர்க்கு மாதிரி. கிளை உள்ளது கறிவேப்பிலைக் கொத்து மாதிரி. இரண்டையும் ஒரே கட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் வரும் கேள்வி.

எச்.டி.பி.இ., எல்.டி.பி.இ., எல்.எல்.டி.பி.இ.: என்ன வித்தியாசம்?

எச்.டி.பி.இ. என்பது அடர்த்தி அதிகமான பாலிஎத்திலீன், எல்.டி.பி.இ. அடர்த்தி குறைந்தது, எல்.எல்.டி.பி.இ. அடர்த்தி குறைந்த நேர்ச்சங்கிலி வகை. முதலில் பிறந்தது எல்.டி.பி.இ. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் வின்னிங்டனில் ஐ.சி.ஐ. என்ற வேதியியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீனை மிக உயர்ந்த அழுத்தத்தில் வேறொரு பொருளோடு வினைபுரிய வைக்கப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது வரவில்லை. பாத்திரத்தில் வெள்ளை மெழுகு போல ஒன்று ஒட்டியிருந்தது. அந்த உயர் அழுத்த முறையில் வளரும் சங்கிலியின் நுனி வளைந்து தன் உடம்பையே தொட்டு, அங்கிருந்து புதிதாக வளரத் தொடங்கும். அதனால் 1,000 கார்பனுக்கு ஏறக்குறைய 20 குட்டைக் கிளைகள் வரும். கூடவே சங்கிலி அளவுக்கே நீளமான கிளைகளும் சில இருக்கும். மரம் கிளைவிட்டு, கிளை மறுபடி கிளைவிடுவது போன்ற உருவம். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.910 முதல் 0.925 கிராம் வரை. உருகுநிலை 105 முதல் 115 டிகிரி செல்சியஸ்.

எச்.டி.பி.இ. குறைந்த அழுத்தத்தில், வினையூக்கி கொண்டு செய்வது. 1951-இல் அமெரிக்காவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹோகனும் பேங்ஸும் குரோமியம் வினையூக்கியைக் கண்டார்கள். 1953-இல் ஜெர்மனியின் முல்ஹைமில் கார்ல் சீக்லர் டைட்டானியம் வழியைக் கண்டார். அதற்காக அவருக்கும் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இதில் கிளை மிகக் குறைவு. அடர்த்தி 0.941-க்கு மேல், உருகுநிலை 130-ஐத் தாண்டும்.

எல்.எல்.டி.பி.இ. நடுவில் நிற்பது. சங்கிலி நேராகத்தான் ஓடும், ஆனால் எத்திலீனோடு கொஞ்சம் பியூட்டீன், ஹெக்சீன் அல்லது ஆக்டீன் சேர்ப்பதால் குட்டைக் கிளைகள் நாமே வைத்தபடி வரும். நீண்ட கிளை கிடையாது.

"கலக்கிறது" என்றால் சரியாக என்ன?

எக்ஸ்ட்ரூடரிலிருந்து (குருணையை உருக்கித் திருகால் தள்ளும் மெஷின்) ஒரே நிறமாக, கண்ணாடி போல வந்துவிட்டால் கலந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது போதாது. ஒன்றாகக் கலந்த நிலை என்றால், உருகிய குழம்பில் இரண்டு வகைச் சங்கிலிகளும் மூலக்கூறு அளவில் பின்னிப் பிணைந்து, எங்கு தொட்டாலும் ஒரே கலவையாக இருக்க வேண்டும். தண்ணீரும் சாராயமும் போல. பால் அப்படி இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கொழுப்புத் துளிகள் தனியாக மிதக்கின்றன.

ஆலையில் இன்னொரு வார்த்தையும் புழங்கும்: "ஒத்துப்போகிறது". அதாவது தனித்தனியாகப் பிரிந்தே இருந்தாலும், துளிகள் சின்னதாக இருந்து, எல்லையில் நன்றாக ஒட்டிக்கொண்டால், படலம் தாங்கும், வாடிக்கையாளர் வாங்குவார். அது வேறு, கலப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கலவை போடுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது என்பது என் அனுபவம்.

சிறிய மூலக்கூறுகள் எளிதாகக் கலக்கின்றன. நீண்ட சங்கிலிகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கஷ்டம்?

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் மஞ்சளும் ஆயிரம் பேர் சிவப்பும் உடுத்தி, ஆளாளுக்குத் தனியாக நடந்தால் பத்து நிமிடத்தில் நிறம் கலந்துவிடும். யாரும் யாரையும் கலக்கச் சொல்ல வேண்டாம். நிற்கக்கூடிய வழிகள் அவ்வளவு இருக்கின்றன. இப்போது ஆயிரம் மஞ்சள்காரர்களும் கை கோத்து ஒரே வரிசை, சிவப்பும் அப்படியே ஒரே வரிசை என்றால்? கலப்பதற்கான வழிகள் சட்டென்று குறைந்துவிடும். இயற்கை கலவையை விரும்புவதற்கான அந்தக் காரணத்தை வேதியியலில் என்ட்ரோபி என்கிறோம். சங்கிலி நீள நீள அந்த ஆதாயம் கரைந்து போகிறது.

இதைக் கணக்காக எழுதியவர்கள் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும், 1940-களின் தொடக்கத்தில். அவர்கள் சூத்திரத்தில் "கை" (χ என்ற கிரேக்க எழுத்து) என்றொரு எண் வரும். இரண்டு வகைத் துண்டுகள் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றையொன்று எவ்வளவு விரும்பவில்லை என்பதன் அளவு அது. இரண்டு சங்கிலிகளும் ஒரே நீளம் என்றால், அந்த எண் 2-ஐச் சங்கிலியின் அலகு எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிரிய ஆரம்பிக்கும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓர் எத்திலீன் அலகின் எடை 28. மூலக்கூறு எடை 28,000 உள்ள சங்கிலியில் 1,000 அலகு. எல்லை 0.002. மூலக்கூறு எடை 280,000 என்றால் 10,000 அலகு, எல்லை 0.0002. அந்தச் சங்கிலியை நேராக இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய 2.5 மைக்ரோன் நீளம் வரும். உருகிய குழம்பில் அது சுருண்டு கிடக்கும் அகலம் சில பத்து நானோமீட்டர்தான். இவ்வளவு சின்ன எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதால், மிகச் சிறிய வெறுப்புகூடச் சங்கிலி முழுவதும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள இரண்டு பொருள்கள் பிரிவதன் ரகசியம் இதுதான்.

கிளை எப்படி அந்த வெறுப்பை உண்டாக்குகிறது?

கிளை இருந்தால் சங்கிலிகள் அடுக்கும் விதம் மாறுகிறது. பக்கத்துச் சங்கிலியோடு இழுத்துப் பிடிக்கும் விசையின் அடர்த்தியும் கொஞ்சம் மாறுகிறது. இரண்டு சங்கிலிகளின் கிளை எண்ணிக்கை நெருக்கமாக இருந்தால் இந்த மாற்றம் பொருட்டே இல்லை. வித்தியாசம் கூடும்போது விளைவு வர்க்கமாக ஏறும்: வித்தியாசம் இரண்டு மடங்கானால் வெறுப்பு நான்கு மடங்கு.

ஆகவே, "இதில் கிளை எத்தனை?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதற்கும் அதற்கும் எத்தனை வித்தியாசம்?" என்று கேளுங்கள். நிறையக் கிளை உள்ள இரண்டு பாலிஎத்திலீன்கள் தங்களுக்குள் நன்றாகவே கலக்கும்.

எத்தனை கிளை இருந்தால் பிரியும்? ஓர் எண் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் அந்த எண் கிடைத்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் மதிப்பு புரியும்.

உருகிய நிலையில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிதில்லை. இரண்டும் நிறமற்றவை, ஒளிவிலகலும் ஏறக்குறைய ஒன்று, நுண்ணோக்கி வைத்தால் எதுவும் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் ஒரு வகைச் சங்கிலியில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் வைத்தார்கள். நியூட்ரான் கதிர் சாதாரண ஹைட்ரஜனில் பட்டுச் சிதறுவதும் டியூட்டீரியத்தில் பட்டுச் சிதறுவதும் வெவ்வேறு விதம். ஒரு சங்கிலிக்குச் சாயம் பூசியது மாதிரி. சிதறலை வைத்து, சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றனவா, கும்பலாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று சொல்லிவிடலாம்.

1990-களில் ஃபுளோரிடாவில் ருஃபினா அலாமோ, லியோ மண்டல்கேர்ன், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஜார்ஜ் விக்னால் ஆகியோர் சேர்ந்து இப்படிச் செய்த அளவீடுகள்தான் இன்றும் நமக்கு வழிகாட்டி. மூலக்கூறு எடை ஏறக்குறைய 100,000 உள்ள சங்கிலிகளில், நேரான பாலிஎத்திலீனோடு சேர்க்கும் கிளைச் சங்கிலியில் முதுகெலும்பின் (நடுச் சங்கிலியின்) 100 கார்பனுக்கு 4 கிளைக்குக் குறைவு என்றால், எந்த விகிதத்திலும் குழம்பு ஒன்றாகவே இருந்தது. 8 கிளைக்கு மேல் போனால் பிரிந்தது. இடையில் இருப்பது விகிதத்தையும் மூலக்கூறு எடையையும் வெப்பத்தையும் பொறுத்தது.

சாதாரணப் படலத்துக்கு வாங்கும் எல்.எல்.டி.பி.இ.யில் சராசரியாக 100 கார்பனுக்கு 1 முதல் 2.5 கிளைதான். எச்.டி.பி.இ.யோடு சேர்க்கும்போது சராசரிக் கணக்குப்படி பிரச்சினை இல்லை. ஆனால் 0.870 அடர்த்திக்கு அருகே விற்கும், ரப்பர் போல இழுபடும் ஆக்டீன் வகைகளை எச்.டி.பி.இ.யோடு போடும்போது அந்த எல்லையை நெருங்குகிறீர்கள். அங்கே கவனம் வேண்டும்.

பியூட்டீன், ஹெக்சீன், ஆக்டீன்: எது என்பது கலப்பதற்கு முக்கியமா?

கிளையின் எண்ணிக்கை அளவுக்கு முக்கியமில்லை. படலத்தின் கிழிதாங்கும் பலத்துக்கு மிக முக்கியம், விலைக்கும் முக்கியம். கலப்பதற்கு இரண்டாம் இடம்தான்.

சராசரி சரி என்கிறீர்கள். சில எல்.எல்.டி.பி.இ. மட்டும் ஏன் தொல்லை கொடுக்கிறது?

சராசரி மறைக்கும் விஷயம் இங்கே இருக்கிறது. பழைய சீக்லர்–நாட்டா வினையூக்கியில் பல வகை வினைத்தளங்கள் உண்டு. ஒரு தளம் கிளையே இல்லாத நீண்ட சங்கிலியைச் செய்யும். இன்னொன்று கிளை நிறைந்த குட்டைச் சங்கிலியைச் செய்யும். மூட்டையில் 100-க்கு 2 கிளை என்று போட்டிருந்தாலும், உள்ளே 0.5-உம் இருக்கும், பல மடங்கு அதிகமும் இருக்கும். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்பதால் எல்லாப் பிள்ளைகளும் 60 வாங்கியதாக ஆகாதே.

அதாவது எல்.எல்.டி.பி.இ. மூட்டையைப் பிரிக்கும்போதே நீங்கள் ஒரு கலவையைத்தான் கொட்டுகிறீர்கள். அதில் மிக அதிகக் கிளை உள்ள பகுதி, வேறு எதையும் சேர்க்காமலே தனியாகப் பிரிந்து மென்மையான சிறு துளிகளாக நிற்க முடியும் என்று அதே நியூட்ரான் ஆய்வுகள் காட்டின. இதை முதலில் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு. பத்து வருடமாக ஒரே பொருள் என்று நினைத்துக் கையாண்டது ஒரே பொருளாகவே இருந்ததில்லை!

மெட்டலோசீன் என்ற புதிய வகை வினையூக்கியில் தளம் எல்லாம் ஒரே மாதிரி. அதனால் கிளைகள் சங்கிலிக்குச் சங்கிலி சமமாகப் பரவும். ஒரே அடர்த்தி, ஒரே உருகு ஓட்ட எண் (உருகியபின் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு) போட்ட இரண்டு மூட்டைகள் கலவையில் வேறு வேறு மாதிரி நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விற்பனையாளரிடம் வினையூக்கி எது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எல்.டி.பி.இ.யின் நீண்ட கிளைகள் கலப்பதைத் தடுக்குமா?

எச்.டி.பி.இ.யும் எல்.டி.பி.இ.யும் உருகிய நிலையில் ஒன்றாகவே இருக்கின்றன என்று நியூட்ரான் அளவீடுகள் சொல்கின்றன. எல்.டி.பி.இ.யில் மொத்தக் கிளை 100-க்கு 2 அளவில்தான் இருக்கிறது, அதனால் இது கணக்குக்கும் பொருந்துகிறது. ஆனால் இதில் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பார்ஹாம், மேரி ஹில் குழுவினர் உருகிய கலவையைச் சட்டென்று குளிர வைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரண்டு வகைப் படிகக் கூட்டங்கள் தெரிந்தன. குழம்பிலேயே பிரிந்திருந்தது என்று முடிவு செய்தார்கள். மறுபக்கத்தினர், அந்தப் பிரிவு குளிரும் அந்த நொடியில் வந்தது என்றார்கள். நான் நியூட்ரான் பக்கம் சாய்கிறேன். குழம்பைக் குழம்பாகவே வைத்து அளந்தது அவர்கள்தான். ஆனால் டியூட்டீரியம் வைப்பதே கலக்கும் தன்மையைக் கொஞ்சம் மாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். மிக நீண்ட சங்கிலிகளில் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்.எல்.டி.பி.இ.யோடு எல்.டி.பி.இ. சேர்ப்பது எங்கள் ஆலையில் தினமும் நடப்பது. உருகிய குழம்பைக் காற்றடித்துப் பெரிய குமிழியாக ஊதித்தான் படலம் செய்கிறோம். 10 முதல் 30 விழுக்காடு எல்.டி.பி.இ. போட்டால் அந்தக் குமிழி ஆடாமல் நிற்கும். நீண்ட கிளைகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால், இழுக்க இழுக்கக் குழம்பு கெட்டிப்படுகிறது. நேரான சங்கிலி மட்டும் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். குமிழி காற்றில் தள்ளாடும். இந்தப் பலன் முழுக்கக் கலந்தால்தான் கிடைக்கும் என்று கட்டாயம் இல்லை. அளந்தவர்கள் பலரும் இதை ஓரளவு மட்டும் கலந்த நிலை என்கிறார்கள்.

டி.எஸ்.சி. வரைபடத்தில் இரண்டு முகடுகள் வந்தால் கலக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் அறிக்கை எழுதுகிறார்கள். தவறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டி.எஸ்.சி. என்பது மாதிரியைச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி. எச்.டி.பி.இ.–எல்.டி.பி.இ. கலவையை அதில் வைத்தால் 108 அருகே ஒரு முகடு, 130 அருகே ஒரு முகடு வரும். அந்த முகடுகள் சொல்வது படிகங்கள் உருகுவதை. குழம்பு எப்படி இருந்தது என்பதை அவை சொல்வதில்லை.

நடப்பது இதுதான். குழம்பு ஒன்றாகவே கலந்திருக்கிறது. மெதுவாகக் குளிர்கிறது. கிளை இல்லாத சங்கிலிகள் முதலில் படிகமாகத் தொடங்கும். 10 முதல் 20 நானோமீட்டர் தடிப்புள்ள மெல்லிய தகடுகளாக அவை மடியும். அந்தத் தகட்டுக்குள் எத்தில் (இரண்டு கார்பன்) அளவுக்கு மேற்பட்ட கிளைக்கு இடம் கிடையாது. அதனால் கிளைச் சங்கிலிகள் தகடுகளுக்கு இடையே தள்ளப்படும். பிறகு இன்னும் குளிர்ந்ததும் அங்கேயே தங்களுக்கென்று மெல்லிய படிகங்களை அமைத்துக்கொள்ளும். ஆக இரண்டு உருகுநிலை. ஒரே வீட்டில் ஒரே குடும்பமாக இருந்தவர்கள் தூங்கும்போது தனித்தனி அறைக்குப் போனதை வைத்து, வீடு பிரிந்துவிட்டது என்று சொல்வீர்களா?

எல்.எல்.டி.பி.இ.–எச்.டி.பி.இ. கலவையில், கிளைகளுக்கு நடுவே நேரான துண்டுகள் போதுமான நீளம் இருந்தால் இரண்டும் ஒரே தகட்டில் சேர்ந்து படிகமாகி, ஒரே முகடாக வரக்கூடும். வேகமாகக் குளிர வைத்தால் இது இன்னும் எளிது, பிரிந்து போக நேரம் கிடைக்காது. ஒரே கலவையை எங்கள் ஆலையில் குமிழியின் காற்று வளையத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். காற்றைக் குறைத்தபோது குமிழியில் வெண்மை தோன்றும் உறைகோடு ஒரு சாண் மேலே ஏறியது, படலமும் சற்று மங்கலாக வந்தது. விகிதம் மாறவில்லை, குருணை மாறவில்லை. குளிர்ந்த விதம் மட்டும் மாறியது.

இன்னும் சூடாக்கினால் நன்றாகக் கலக்குமா?

பாலிஎத்திலீன் வகைகளைப் பொறுத்தவரை, பொதுவாக ஆம். சூடு ஏற ஏற வெறுப்பு எண் குறையும். ஆனால் 230-க்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் சங்கிலி சிதையத் தொடங்கும், நிறமும் மணமும் கெடும். சூட்டால் தீர்க்க முடியாததைக் கிளையைப் பொருத்திப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

படலத்தில் மணி மணியாகப் புள்ளி வருகிறது. அது கலக்காததன் அடையாளமா?

பெரும்பாலும் இல்லை. எச்.டி.பி.இ. படல வகையில் சங்கிலி மிக நீளம். சங்கிலி நீளம் இரண்டு மடங்கானால் பிசுக்குத்தன்மை பத்து மடங்குக்கு மேல் ஏறும். கெட்டிக் குழம்பை நீர்த்த குழம்புக்குள் போட்டு, திருகு சுற்றினால் மட்டும் கெட்டி உருண்டை உடையாது. நீர்த்தது வழுக்கிக்கொண்டு சுற்றிப் போய்விடும். கோதுமை மாவைத் தண்ணீரில் சட்டென்று கொட்டினால் கட்டி விழுவது இப்படித்தான். மாவும் தண்ணீரும் சேராதவை என்று யாரும் சொல்வதில்லை, கலக்கியது போதவில்லை என்கிறோம். உருகு ஓட்ட எண்கள் நெருக்கமாக உள்ள வகைகளைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கலக்கும் பகுதி உள்ள திருகு போடுங்கள்.

பாலிஎத்திலீனில் பாலிப்ரொப்பிலீன் விழுந்துவிட்டால்?

இது எனக்கே நடந்தது. மறுசுழற்சிக் குருணை ஒரு லோடு வந்தது. எல்.எல்.டி.பி.இ. என்று எழுதியிருந்தது, நிறம் சுத்தம், விலையும் நல்ல விலை. சோதிக்காமல் 30 விழுக்காடு போட்டு ஓட்டினோம். விடியற்காலை நான்கு மணிக்கு ஆபரேட்டர் ரோலிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்தார். விளக்குக்கு நேரே பிடித்தால் மெஷின் ஓடும் திசையில் பால் கோடுகள், தலைமுடி தடிப்பில். நகத்தால் ஒரு மூலையைக் கிளறினேன். படலம் வெங்காயத் தோல் போல இரண்டாக உரிந்து வந்தது. நீளவாக்கில் இழுத்தால் தாங்கியது, குறுக்கே இழுத்தால் சர்ரென்று கிழிந்தது. பிறகு டி.எஸ்.சி.யில் வைத்தால் 160-ஐத் தாண்டி ஒரு குட்டி முகடு. அது பாலிப்ரொப்பிலீன்.

பாலிப்ரொப்பிலீனும் கார்பன், ஹைட்ரஜன் மட்டும்தான். ஆனால் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு மெத்தில் கிளை: 100 கார்பனுக்கு 50 கிளை! மேலே சொன்ன 8 என்ற எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது துளியாகப் பிரிந்து, இழுப்பில் நாராக நீண்டு, எல்லையில் ஒட்டாமல் நிற்கிறது. நாங்கள் கண்ட கோடுகள் அந்த நார்கள்தான்.

இதற்கு மருந்து தேடும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது. 2017-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோட்ஸ், மினசோட்டாவின் ஃபிராங்க் பேட்ஸ் குழுவினர், பாலிஎத்திலீன் துண்டும் பாலிப்ரொப்பிலீன் துண்டும் மாறி மாறி வரும் நான்கு துண்டுச் சங்கிலி ஒன்றைச் செய்தார்கள். கலவையில் 100-க்கு 1 முதல் 5 பங்கு சேர்த்தாலே, எளிதில் முறியும் கலவை நீளமாக இழுபடும் பொருளாக மாறியது. அந்தச் சங்கிலி இரண்டு பக்கமும் நூல் போலத் தைத்துவிடுகிறது. இரண்டும் கலந்துவிடவில்லை, ஒத்துப்போக வைத்திருக்கிறார்கள்.

2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியபின் மலேசியாவுக்குள் எவ்வளவு வந்து குவிந்தது என்பதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்தக் குவியலில் எது எதோடு கலக்கும் என்று தெரியாமல் உருக்குவதால் வருவது மட்டமான குருணை, அது கடைசியில் எரிக்கப்படும் அல்லது புதைக்கப்படும். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு எனக்கு அதுவே முதல் காரணம்.

இரண்டு வகையைக் கலப்பதால் நன்மை வந்த நல்ல உதாரணம் ஏதாவது?

சாலையோரம் புதைக்கும் கறுப்புக் குடிநீர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள், நீலக் கோடு போட்டது. அதில் பி.இ.100 வகை என்றால் அது வினைக்கலனிலேயே செய்த கலவை. குட்டைச் சங்கிலிகளில் கிளை இல்லை, அவை கெட்டியான படிகம் தரும். நீண்ட சங்கிலிகளில் வேண்டுமென்றே கொஞ்சம் கிளை வைத்திருப்பார்கள். அவை ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குப் பாலம் போலப் போய்க் கட்டும், விரிசல் ஓடவிடாது. 20 டிகிரியில் 50 ஆண்டு குழாய்ச் சுவர் 10 மெகாபாஸ்கல் தகைவை (இழுவிசையை) தாங்கும் என்பதுதான் அந்த 100-இன் பொருள். கிளை வித்தியாசம் சின்னதாக இருப்பதால் இரண்டும் கலக்கின்றன. கிளையை எந்தச் சங்கிலியில் வைப்பது என்ற ஒரே முடிவு குழாயின் ஆயுளை மாற்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பாலிஎத்திலீன் இது.

வீட்டில் இருக்கும் பையை வைத்து எது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். காதருகே வைத்துக் கசக்குங்கள். சரசரவென்று சத்தம் போட்டால் எச்.டி.பி.இ., சந்தையில் மீன் போட்டுத் தரும் மெல்லிய பை மாதிரி. சத்தமில்லாமல் மெத்தென்று இருந்தால் எல்.டி.பி.இ. அல்லது எல்.எல்.டி.பி.இ. விரலால் மெதுவாகக் குத்தி இழுங்கள்: நீண்டு நீண்டு, கிழியாமல் விரலைச் சுற்றிக்கொண்டால் எல்.எல்.டி.பி.இ. அதிகம். தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. பாலிஎத்திலீன் எல்லாம் மிதக்கும், பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். குடிநீர் பாட்டில் மட்டும் மூழ்கும், அது வேறு இனம். பினாங்கில் 2011 முதல் கடைகளில் பை இலவசம் இல்லை என்பதால் வீட்டில் பழைய பைகளைப் பலரும் சேர்த்து வைத்திருப்பீர்கள், நாலைந்தை எடுத்துக் கசக்கிப் பாருங்கள்.

இதைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் எங்கே போகலாம்?

நம் பக்கத்திலேயே, நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் பாலிமர் பொறியியல் இருக்கிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் வழியாகவும் வரலாம்.

பழைய படலக் குருணையை எவ்வளவு சேர்க்கலாம்?

நம் சொந்த ஆலையின் ஓரக்கழிவு என்றால், அதே கலவைதான், தாராளமாகச் சேர்க்கலாம். வெளியிலிருந்து வந்தால் முதலில் ஒரு சிட்டிகையை டி.எஸ்.சி.யில் 200 வரை ஓட்டுங்கள். 140-க்கு மேல் எந்த முகடும் இல்லை என்றால் பாலிப்ரொப்பிலீன் பயம் பெரும்பாலும் இல்லை. பிறகு 5 விழுக்காட்டில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ரோலிலிருந்து ஒரு முழம் வெட்டி, குறுக்கே கிழித்துப் பாருங்கள். டி.எஸ்.சி. இல்லாத சின்ன ஆலை என்றால், குருணையை 145 டிகிரி சூடான தட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள். பாலிஎத்திலீன் உருகித் தெளிந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் குருணை கலந்திருந்தால், அது மட்டும் வடிவம் மாறாமல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஆனால் குருணை செய்வதற்கு முன்பே இரண்டையும் சேர்த்து உருக்கியிருந்தால் இந்தச் சோதனையில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அப்போது சிறிதளவைப் படலமாக ஊதி, நகத்தால் மூலையைக் கிளறிப் பாருங்கள்.